முத்தூர் ரோட்டு எடைமேடை

இருபத்து நாலாயிரத்து முந்நூற்று எண்பது.
சிவப்பு எண்கள் பெட்டியில் தெளிவாக எரிகின்றன.
மேடைமேல் லாரி நிற்கிறது,
லாரிக்குள் கொப்பரை நிற்கிறது,
கம்ப்யூட்டர் மட்டும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

விசிறி சுற்றுகிறது. பச்சை விளக்கு எரிகிறது.
திரை கருப்பு.
நீளமாக ஒரு பீப், கொஞ்சம் விட்டு இன்னொன்று,
சந்துக்குள் ரிவர்ஸ் எடுக்கும்
பனியன் கம்பெனி பஸ் மாதிரி.

"கையில எழுதிக் குடுத்துருங்க அம்மிணி"
கேபினிலிருந்தே கத்துகிறார் காளீஸ்வரன்.
கையெழுத்துச் சீட்டு காங்கயம் மில்லில் செல்லாது.
போன ஐப்பசியில் எவனோ
ஒன்றை ஏழாக்கிக் காசு பார்த்துவிட்டான்.
அன்றிலிருந்து அச்சுக்குத்தான் மரியாதை,
என் கைக்கு இல்லை.

வெடியால மணி நாலரை.
ரியாசுதீன் தாராபுரத்தில்
தங்கச்சி கல்யாணத்தில் நிற்கிறான்.
போனுக்குள் அண்டா உருளுகிறது.
"வயரைப் புடுங்கிட்டீங்ளாக்கா?"
"புடுங்கிட்டேன்."
"இப்ப சும்மா பட்டனை ஒருக்கா அமுக்குங்க,
உள்ள மிச்சம் கெடக்கறது போவட்டும்."
அமுக்கினேன்.
விசிறி அரைச் சுற்று வந்து நின்றது.
வயரே இல்லாமல்.
எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

நாலு திருகில் ஒன்றுதான் இருக்கிறது.
ஒரு ரூபாய்க் காசால் கழற்றினேன்.
உள்ளே கொப்பரைத் தூசி,
எண்ணெய் ஊறி, விரலில் ஒட்டுகிற தூசி.
பல்லி முட்டை ஓடு இரண்டு.
ஏதோ ஒன்றின் இறக்கை.
நாலு வருசமாக
இதன் மேல்தான் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

"பச்சையா ஒரு பட்டை நிக்குதுங்ளா,
ரெண்டு பக்கமும் வெள்ளைக் கொக்கி?"
லைட் வேண்டும்.
காளீஸ்வரன் இறங்கி வந்து போனில் டார்ச் அடித்தார்.
கொக்கி நகர்ந்தது, நகம் ஒடிந்தது,
பட்டை கையோடு வந்தது.
அடியில் தங்கப் பல்வரிசை, கறை படிந்த பல்.
"அழிரப்பர்ல தேய்ங்கக்கா, எச்சி வெச்சுராதீங்க."
ரப்பருக்கு எங்கே போவது?
டிரைவர் காதில் செருகிய பென்சிலை எடுத்து நீட்டினார்,
அதன் வாலில் ரோஸ் கலரில் ஒரு துளி.
தேய்த்தேன். இரண்டு பக்கமும். அது தீரும் வரை.

வெளியே மக்காச்சோள டிராக்டர் ஹாரன் அடிக்கிறது.
அதற்குப் பின்னால் இன்னொன்று.
அடிங்கடா, அடிங்க.

"க்ளிக்குன்னு சத்தம் வரோணும்."
வந்தது.
வயர். பட்டன். விசிறி.
ஒரே ஒரு பீப், குட்டையாக,
கூப்பிட்டால் 'ங்' என்பது போல.

கருப்பில் வெள்ளை எழுத்து:
தேதி தெரியவில்லையாம்.
இரண்டாயிரத்து ஒன்பது, ஜனவரி ஒன்று என்கிறது.
"காசாட்டம் ஒரு பேட்டரி இருக்குதுங்க,
அது செத்தா நாள் மறந்துரும்.
நீங்களே போட்டுக்குங்க, பொழுதோட வர்றேன்"
என்று அண்டாவோடு போய்விட்டான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் இந்த மேடை இல்லை.
குழுக்கடன் இல்லை.
அப்படியே விட்டுவிடலாமா என்று
ஒரு நொடி, ஒரே நொடி, விரல் நின்றது.

காலண்டரில் ஞாயிறு கிழிபடாமல் தொங்குகிறது.
மரகதம் லீவு; ஞாயிறிலிருந்து ராத்திரி எல்லாம் நான்தான்.
"இன்னைக்கு என்ன தேதிங்க?"
அவர் விரல் விட்டார்:
"திங்கக்கெழம லோடு ஏத்துனது,
ஒரு ராத்திரி பொள்ளாச்சி, டயர் வெடிச்சது ஒரு ராத்திரி,
அப்ப வியாழனுங்."
இருவர் கையிலும் போன் இருந்தது.
இருவருக்கும் தோன்றவில்லை.
பதினெட்டு என்று முடிவு செய்தோம்.

பிரிண்டர் கீறிக்கொண்டு சீட்டைத் துப்பியது.
கிழித்து வாங்கியவர் முகம் மாறியது.
"எழுபது கிலோ கொறையுதுங்களே!"
சிவப்பு எண்களைப் பார்த்தேன்:
இருபத்து நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து.
பார்த்தேன்: டார்ச்சோடு,
என் நாற்காலிக்குப் பக்கத்தில்,
எழுபது கிலோ.

"காலி வண்டி எடைல உள்ளதான இருந்தீங்க?
ஏறி உக்காருங்க."
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்.
கதவு சாத்திய சத்தம்.
எண்கள் கொஞ்சம் ஆடி, எண்பதில் நின்றன.